நிரந்தரப் பங்கு

நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே போவது நீர் அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தது. உடனே எங்கள் போர் மோட்டார்களுக்கெல்லாம் மீட்டர் மாட்டிவிட்டார்கள்.

"இந்த வருஷம் யார் எவ்வளவு இறைக்கிறீங்களோ, அதுதான் இனிமே உங்க நிரந்தரப் பங்கு. அதுக்கு மேல ஒரு சொட்டு எடுக்க முடியாது!" என்று அதிகாரி அறிவித்தார்.

சிக்கனத்துக்கு இதைவிட நல்ல சட்டம் உண்டா? அன்றைக்குப் போட்ட மோட்டாரை நான் நிறுத்தவே இல்லை. வயல் நிரம்பியதும் பாதையில் திருப்பிவிட்டேன். பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். பாதையை நான் நிரப்பிவிட்டதால் அவருடைய தண்ணீர் போக இடமில்லையாம்.

என் அக்கா மட்டும் எலுமிச்சைக் கன்றுகளுக்குச் சொட்டுநீர் விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"பிழைக்கத் தெரியாதவளா இருக்கியே அக்கா! அடியில எல்லாருக்கும் ஒரே தண்ணிதான். நீ விட்டுவச்சா நான் எடுக்கப்போறேன்."

"எல்லாரும் இப்படி உறிஞ்சினா என் கன்னு காய்ஞ்சிடும்டா. பிள்ளை மாதிரி வளர்க்கிறேன்" என்றாள். பாவம், விவரம் போதாது.

வருஷக் கடைசியில் விழா நடந்தது. சிக்கன விருது அக்காவுக்குத்தான். கேடயம் கொடுத்த கையோடு பங்கு ஆணையையும் கொடுத்தார்கள். எல்லோரிலும் குறைந்த பங்கு அவளுக்கு, கூடுதல் பங்கு எனக்கு.

"இத்தனூண்டு தண்ணி எப்படிங்கய்யா போதும்?" என்று கேட்டாள்.

"கன்னுக்கு இது போதும்னு உங்க மீட்டரே சொல்லுதேம்மா."

"கன்னு வளருமே ஐயா!"

"வளர்றதுக்கு விதியில இடமில்லைம்மா" என்றார் அதிகாரி.

அடுத்த கோடையில் எல்லா போரும் புஸ்ஸென்று காற்றைத் தள்ளின. அக்காவின் கன்றுகள் விறகாகிவிட்டன. அவள் அழுததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. கொதித்துப்போய் அலுவலகத்துக்கு ஓடினேன்.

"போர்ல தண்ணியே இல்லைய்யா!"

"பங்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"அதைத்தான் நாங்க குடுக்க முடியும். தண்ணி குடுக்க வேண்டியது நிலம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மீட்டர் ஓடாம நின்னா பங்கு ரத்தாயிடும், பார்த்துக்குங்க" என்றார்.

நல்லவேளை, மீட்டர் காற்றுக்கும் சுற்றுகிறது. விழுந்தடித்து வந்து மோட்டாரைப் போட்டேன். எங்கேயோ இன்னொரு மோட்டாரும் உறுமியது. எட்டிப் பார்த்தால் அக்கா தோட்டம்!

"கன்னுதான் போயிடுச்சே, எதுக்குக்கா மோட்டார்?"

"போன தடவை நான் ஏமாந்தது போதாதாடா?" என்றாள், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பாடா, அக்காவுக்கும் விவரம் வந்துவிட்டது.