லப்டப் காக்காவின் இரண்டு கதவுகள்

தன் இதயத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் போலவே தேத்தண்ணிக் கடையையும் நடத்திய மனிதர் உலகத்திலேயே எங்கள் லப்டப் காக்கா ஒருவர்தான்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுக வீதியில் அவருடைய கடை. ஓர்ஸ் ஹில் மேட்டிலுள்ள அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்யும் எங்களுக்கு அங்கே இறங்கி வராவிட்டால் பொழுது போகாது. போன வருஷம் காக்கா நெஞ்சு வலியில் விழுந்து, தப்பிப் பிழைத்தார். "இடைக்கிடை குந்தி ஆறாமல் இப்படியே நிண்டால் அடுத்த முறை தாங்கமாட்டீங்கள்" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எக்கோ ஸ்கேன் திரையில் தன் இதயம் துடிப்பதைக் கண்டதும் ஆளே மாறிப்போனார். அங்கிருந்த நேர்ஸைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணியிருக்கிறார். கடைக்குத் திரும்பியதும் எனக்கு விளக்கினார்.

"மனே, ரத்தம் வந்து நிறையும். உடனே உள்வாசல் பூட்டிரும். பொறகு ஒரே அமுக்கு! வெளிவாசல் தொறந்து எல்லாம் வெளிய போயிரும். வந்த வழியால ஒரு சொட்டும் திரும்பேலாது. பொறகு ஆறும். அந்த நேரத்திலதான் இதயம் தனக்கெண்டு கூடுதலா ரத்தம் எடுக்குதாம்."

"அதுக்கென்ன காக்கா இப்ப?"

"இனி கடையும் அப்பிடித்தான்."

முன்கதவால் ஆட்கள் வந்து நிறைந்ததும் பூட்டுவார். தேத்தண்ணி கொடுத்து, பின்கதவால் எல்லாரையும் தள்ளிவிடுவார். பிறகு வெறும் கடையில் கதிரையைப் போட்டு ஆறுவார்.

"ஆறும்போதுதானே காக்கா ரத்தம் வந்து நிறையிறது? அப்ப எங்களை உள்ளுக்கு விடுங்கோவன்" என்று கேட்டேன்.

"அது இதயம். இது கடை" என்றார்.

குடையை மறந்து பின்கதவால் வெளியேறிய ஒருவர், அதே கதவால் தலையை நீட்டியபோது காக்கா பதறிவிட்டார். "வால்வு பின்னுக்கு ஒழுகினா ஆள் மௌத்து! முன்னால சுத்தி வாங்க!" பாவம், அந்த மனிதர் கொட்டும் மழையில் மீன் சந்தையைச் சுற்றி வந்து தன் குடையை எடுத்தார்.

ஒருநாள் கட்டைபறிச்சானுக்குப் போகும் பஸ் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவரும் உள்ளே வந்தார். கடை நிறைந்தது, காக்கா முன்கதவைப் பூட்டினார். தேத்தண்ணி குடித்து முடித்துப் பார்த்தால், உப்புக் காற்றில் துருப்பிடித்த பின்கதவுக் கொண்டி அசையவில்லை. வெளியே பஸ்ஸில் இருந்தவர்கள் ஹோர்னைப் பிடித்து அமுக்கினார்கள்.

"முன்கதவைத் திறவுங்க காக்கா!" டிரைவர் கத்தினார்.

"வந்த வழியால விடமாட்டன்!"

உள்ளே வேர்வையும் வசவும் கூடிக்கொண்டே போயின. கடைசியில் கிண்ணியா மீன் முதலாளி ஒருவர் தோளைக் கொடுத்து இடித்தார். நிலையோடு கதவு விழுந்தது. நாங்கள் அதன்மேல் மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தோம்.

குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்தார் காக்காவின் மனைவி ராத்தா. "ஒங்கட இதயத்தக் கொண்டு போய்க் கடல்ல போடுங்க!"

அதோடு கதவு பூட்டும் வேலை நின்றது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். காக்கா கதிரையில் குந்தவே இல்லை. பிளேன்ரீ ஊற்றிக்கொண்டே இடக்கையால் நெஞ்சைத் தடவுவதை நான் கண்டேன்.

"ஒண்டுமில்ல மனே, வாயு."

அவர் நெஞ்சைத் தடவியதை பஸ் டிரைவரும் கவனித்திருக்கிறார். அடுத்த நாள் அவர் தேத்தண்ணியைக் குடித்தார், உள்ளே இருந்தவர்களை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தார், முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் நின்றார்.

"என்ன, கடை பூட்டியா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"இல்ல. காக்கா ஆறுறார். கொஞ்சம் நில்லுங்க."

பஸ்ஸில் ஹோர்ன் அலறியது. "அடியுங்க, நல்லா அடியுங்க" என்றாரே தவிர, மனிதர் அசையவில்லை.

இப்போது அந்த வாசலில் நாங்கள் முறை வைத்து நிற்கிறோம். கந்தோருக்குப் பிந்திப்போய் நான் ஏச்சு வாங்காத கிழமை இல்லை. வாங்கினால் என்ன? உள்ளே கதிரையில் அவர் குறட்டை விடுவது கேட்ட பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.