பதினான்கு அறிஞர்களும் ஒரு மண்பானையும்

மனித குலத்தின் அறிவு வளர்ச்சியில் நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது, 1979ஆம் ஆண்டு பழவேற்காட்டில் நடந்த "கடலோர மக்கள் வாழ்வியல் கருத்தரங்கு"தான். இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். கலந்துகொண்ட பதினான்கு அறிஞர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவர்களில் கடைக்குட்டி, சென்னைக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர் ஆதிநாராயணன். அவர் கையில் ஒன்பது பக்கக் கட்டுரை: "மீனவரிடையே முறைமை உணர்வு இன்மை." நூலகத்து மின்விசிறிக்கு அடியில் இரண்டு வருடம் உழைத்து எழுதியது. அதற்காக மீனவர் ஒருவரையும் அவர் தொந்தரவு செய்ததில்லை. அன்றைக்கு அதை வாசித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் திங்கட்கிழமை பதவி உயர்வு நேர்காணலுக்குள் நுழைய முடியும். இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடத்துக்கு அதே நாற்காலி, மாமனார் வீட்டில் அதே மரியாதை.

மெட்ராஸிலிருந்து பதினான்கு பேரையும் ஏற்றி வந்த பஸ், திருப்பாலைவனம் தாண்டிப் பழவேற்காட்டில் இறக்கிவிட்டது. ஏரியைக் கடந்தால்தான் கருத்தரங்கு நடக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துப் பள்ளிக்கூடம். படகில் முன்பக்கம் யார் உட்காருவது என்பது பற்றிப் பேராசிரியர்களிடையே "கருத்துப் பரிமாற்றம்" நடந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கனமான சாருங்கெல்லாம் ரெண்டு பக்கமும் சமமா குந்துங்க," என்றார் படகுக்காரர் சுப்பன். அறிவின் கனத்தைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் மகிழ்ந்து உட்கார்ந்தார்கள்.

கருத்தரங்கு மிகச் சிறப்பாகத் தொடங்கியது. வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, பொன்னாடைகள் என்று பதினொன்றரை மணி ஆகிவிட்டது. சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டிய தலைவரோ ஒரு மணிப் படகில் திரும்பியாக வேண்டும். யார் முதலில் வாசிப்பது என்று மைக்கைச் சுற்றி ஆராய்ச்சி சூடுபிடித்தது.

"பணிமூப்புல நான்தான் முதல்."

"வயசுல நான்."

"மைக் என் கையில இருக்கு," என்றார் மூன்றாமவர். வலுவான ஆதாரம்தான்.

பட்டியலில் கடைசிப் பெயர் ஆதிநாராயணனுடையது. அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். பூவரச மரத்தடியில் சுப்பனும் நாற்பது மீனவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மண்பானை. அதிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பெயர் படித்தார்கள். நல்ல இடம் கிடைத்தவரும் தவறவிட்டவரும் ஒரே மாதிரி பீடி பற்றவைத்துக்கொண்டு எழுந்தார்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"இது என்னங்க?"

"பாடு, சார். ஏரில எந்த எடத்துல, என்னிக்கு, யாரு வலை போடறதுன்னு முறை வெக்கிறோம். தாத்தா காலத்துலேர்ந்து இப்டித்தான்."

"சண்டை வராதா?"

"சீட்டு வந்தப்புறம் இன்னாத்துக்கு சார் சண்டை?"

ஆதிநாராயணன் பானையை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பதினான்கு பெயர்களையும் சீட்டில் எழுதிப் போட்டு, வாசிக்கும் வரிசையைக் குலுக்கி எடுக்கலாம் என்றார். தலைவருக்கு நல்ல பசி. மதியச் சாப்பாட்டுக்குக் குப்பத்துக் காசியம்மாள் வறுக்கும் இறால் வாசனை வேறு ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. "குலுக்குங்கள்," என்று ஆணையிட்டார். முதலில் வந்த சீட்டு, ஆதிநாராயணன்.

கட்டுரையைப் பிரித்தார். "இம்மக்கள் முறை என்ற ஒன்றையே அறியாதவர்கள்" என்பது முதல் வரி. ஜன்னலுக்கு வெளியே, பானையைத் திருப்பி வாங்கிப்போக சுப்பன் நின்றுகொண்டிருந்தார். ஆதிநாராயணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தலைவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒன்பது பக்கத்தையும் வாசித்தார். பக்கத்துக்குப் பக்கம் குரல்தான் இறங்கிக்கொண்டே போனது.

அரங்கம் கைதட்டியது. மீனவர்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறையைக் கற்பிக்க ஐவர் குழு அமைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. குழுவுக்கு யார் தலைவர் என்ற கேள்வியில் மைக் மறுபடியும் கை மாறத் தொடங்கியது.

சான்றிதழோடு வெளியே வந்த ஆதிநாராயணன், நிமிர்ந்து பார்க்காமலே பானையை நீட்டினார்.

"நல்லா படிச்ச சார்," என்றார் சுப்பன். "கேக்கவே பாவமா இருந்துச்சி. முறையே தெரியாத சனங்க எப்டித்தான் பொழைக்கிறாங்களோ. அது எந்த ஊருன்னு சொல்லு. நாங்க ரெண்டு பேரு பானைய எடுத்துனு போயி, சொல்லிக் குடுத்துட்டு வரோம்."

உள்ளே ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. ஆதிநாராயணன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, நேரில் கண்டதை மட்டும் வைத்து ஓர் ஆய்வு முடிவைச் சொன்னார்.

"மெட்ராஸ்."