சிவப்புச் சொட்டு

வண்டிச் சித்தரின் கொட்டகை முன்னால் அன்றும் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஆளுக்கொரு வெள்ளைக் காகிதம் கையில். காருக்கு அடியில் அதை விரித்து வைத்து, சொட்டிய எண்ணெயோடு எடுத்து வர வேண்டும். சித்தர் பார்த்து வண்டியின் தலையெழுத்தையே சொல்லிவிடுவார். வக்கீல் வந்திருந்தார், டாக்டர் வந்திருந்தார். படித்தவர்கள் அல்லவா, காகிதத்தைக் கசங்காமல் கொண்டு வந்திருந்தார்கள்.

வரிசையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரும் இருந்தார். போன வாரம் அவர் காகிதத்தில் சிவப்புச் சொட்டைக் கண்ட சித்தர், "ரத்தம்! உன் வண்டி காவு கேக்குது!" என்று அலறியிருந்தார். அன்றிலிருந்து மனிதர் காரைத் தொடவில்லை. அந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இன்று பரிகாரம். கியர் பாக்ஸில் இருந்த எண்ணெயை வடித்தாகிவிட்டது. சித்தரின் சாந்தி எண்ணெயை ஊற்றச் சீடன் புனலும் கையுமாக நின்றான்.

அப்போதுதான் ஓட்டுநரின் மனைவி மூச்சிரைக்க வந்தாள். உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவள். சாந்தி எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இது லாரியில வடிச்ச பழைய கியர் ஆயிலு. நம்மது தானா கியர் மாத்துற வண்டி. இந்தக் கெட்டி எண்ணெய ஊத்தினா கியர் பாக்ஸே போயிடும்."

"சும்மா இரு! அவர் காதுல விழுந்துடப் போகுது!"

அவள் சும்மா இருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சித்தரிடம் பணிவாக நீட்டினாள். அதிலும் ஒரு சிவப்புச் சொட்டு.

சித்தர் கண்ணை மூடினார். "இந்த வண்டி ரெண்டு உசிரக் குடிச்சிருக்கு. மூணாவதுக்குக் காத்திருக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எப்பங்க குடிச்சுது?"

"போன வருஷம்!"

"அப்படிங்களா? இது எங்க வண்டி மாதிரிக்கு ஊத்துற கியர் எண்ணெய், காலையில கடையில பிரிச்ச புது டின்னு. இன்னும் எந்த வண்டிக்குள்ளயும் போகல." பையிலிருந்து பிரிக்காத இன்னொரு டின்னை எடுத்து, எல்லோர் முன்னிலும் திறந்து தம்ளரில் ஊற்றினாள். அதுவும் சிவப்பு. "செய்யறவங்களே சாயம் கலக்குறாங்க. ஒழுகினா எஞ்சின் ஆயில் இல்ல, கியர் எண்ணெய்னு தெரியணும்ல? எங்க வண்டியில எண்ணெய் ஒழுகாம அடைக்கிற ரப்பர் சீல் ஒண்ணு தேஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"டின்னுக்கும் தோஷம் உண்டு!" என்றார் சித்தர்.

"அப்ப எங்க கடை அலமாரி பூராவும் கொலகாரனுங்கதான்!"

வக்கீல்தான் முதலில் சிரித்தார், ஏதோ தாம் வேடிக்கை பார்க்க வந்தவர் போல. ஓட்டுநர் பாய்ந்து புனலைப் பிடுங்கி எறிந்தார். ஒரு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்ததை நினைக்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலைப் பார்த்து நடந்தார்.

டாக்டர் மெல்ல அவளிடம் வந்தார். "எனக்கு மஞ்சளா சொட்டியிருக்கும்மா. நல்ல சகுனம்தானே?"

"கடைக்கு வாங்க சார், எந்த வண்டிக்கு எந்த எண்ணெய்னு பாத்து எடுத்துத் தர்றேன். யோசிக்கறது மட்டும் இன்னும் டின்னுல வரல. அத நீங்களேதான் செஞ்சுக்கணும்."