பன்னிரண்டு மார்க்குக்கு வைத்த பேனர்

அன்புத் தங்கை ஜெயசித்ராவுக்கு, பெரம்பலூரிலிருந்து அண்ணன் தமிழழகன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அண்ணி மலர்கொடியும் மகள் அபிநயாவும் உடம்பளவில் சௌக்கியம். டென்மார்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் மருமகள் சண்முகப்பிரியாவும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் கடிதம்.

பிரியா கணக்கில் பன்னிரண்டு வாங்கினாள் என்று போன வாரம் நீ சொன்னதும் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று நினைத்துவிட்டேன். "கவலப்படாத தங்கச்சி, அடுத்த பரீட்சையில பாத்துக்கலாம்" என்று நான் தேற்ற, அங்கே அதுதான் உச்சம் என்று நீ விளக்கினாய். அதற்குக் கீழே பத்து, ஏழு, நாலு. இரண்டு வாங்கினால் கரையேறலாம். பிறகு சைபர், கடைசியில் மைனஸ் மூன்று. ஏழாம் வகுப்பு முடிகிற வரைக்கும் மார்க்கே கிடையாதாம். அடேயப்பா! அத்தனை வருஷம் பிள்ளைகளைப் பயமில்லாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிற தேசம் எப்பேர்ப்பட்ட தேசம்! மைனஸ் மூன்றும் எனக்குப் பிடித்துவிட்டது. சைபருக்குக் கீழே போக அந்தக் காலத்தில் வழியிருந்தால் நான் கட்டாயம் போயிருப்பேன்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் தெருமுனைக்கு ஒரு பேனர் சொன்னேன். பிரியா கேக் வெட்டுகிற போட்டோ, "டென்மார்க்கில் கணிதத்தில் 12 மதிப்பெண் பெற்ற எங்கள் செல்வமே வாழ்க" என்று வாசகம். பிளக்ஸ் கடைக்காரன் ரொம்ப நல்லவன். நான் ஏதோ விட்டுவிட்டேன் என்று அவனாகவே 12/100 என்று போட்டு, விடியறதுக்குள்ள கட்டியும் வச்சிட்டான். பால் வாங்கப் போன உன் அண்ணி காலிப் பையோடு ஓடி வருகிறாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுக் கலியம்மாள் அக்கா, "அந்த ஊரு சாப்பாடு ஒத்துக்கல போல, பிள்ளைய இங்கயே கூட்டிட்டு வந்துருங்க தம்பி" என்று மூக்கைச் சிந்துகிறது. எதிர்வீட்டு அரியமுத்து தனியாகக் கூப்பிட்டு, "பன்னெண்டுக்கே வெளிநாட்டுல சேத்துக்குறாங்களா? எம்பய நாப்பது வாங்கிருக்கான், கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்கிறார்.

மானம் போகுதேன்னு ஏணியைத் தூக்கிக்கிட்டு அவிழ்க்கப் போனேன். நான் மேலே ஏறியதும் அபிநயா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அவுக்காதீங்கப்பா" என்றாள். கையில் ஒரு தாள். அரையாண்டுக் கணக்கில் முப்பத்துநான்கு, ஒரு மார்க்கில் பெயில். பத்து நாளாக ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். டென்மார்க் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. "பன்னெண்டுக்கே பேனர் வச்சிருக்கீங்க. என்னயத் திட்டாமயாவது இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று அழுதது பிள்ளை. ஏணியில் நின்றபடியே எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் பிள்ளை எனக்குப் பயந்து பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறது, ஜெயசித்ரா.

பேனரை அவிழ்க்கவில்லை. இனி இந்த வூட்லயும் டென்மார்க் முறைதான்னு முடிவு பண்ணிட்டேன். மார்க்குப் பேச்சே கிடையாது. பிள்ளை தன் இஷ்டத்துக்குப் படிக்கட்டும்.

நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோயில்லாமல் இருக்க இந்த அண்ணனின் ஆசீர்வாதம்.

தமிழழகன்

பி.கு.: அத்தை, நான் அபிநயா. தபால்ல போடச் சொல்லி அப்பா எங்கிட்டதான் குடுத்தாங்க. நேத்தே என்னய ரெண்டு டியூஷன்ல சேத்துட்டாங்க, காலையில அஞ்சு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆனா ஒரு வார்த்தகூடத் திட்டல அத்தை. அதுக்கு டென்மார்க்குல யாருகிட்ட நன்றி சொல்லணுமோ, அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடுங்க.