செயலாளருக்குக் கோபம் வரவில்லை

மூன்றாம் நாளும் செயலாளருக்குக் கோபம் வரவில்லை.

இளங்கோ மூலை நாற்காலியிலிருந்து எழுந்து, மிகுந்த பணிவோடு அவரது மேசையருகே சென்றான்.

"ஐயா, தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. சற்றே எரிந்து விழுந்தால் நன்றாக இருக்கும்."

"யாரு மேலீங்க?"

"மனு கொண்டு வருகிறவர்கள் மீது."

"பாவமுங்க. எடப்புளி நாட்டு ஊருலயிருந்து மேடேறி வந்திருக்குது இந்தப் புள்ள. இது மேல எப்படீங்க எரிஞ்சு விழறது?"

அந்தப் பெண்ணின் மனுவை வாங்கிச் செயலாளர் தேநீர்த் தட்டில் வைத்தார். தேநீர்க்காரர் தட்டை ஏந்திக்கொண்டு பின்னறைக்குப் போனார். இரண்டே நிமிடத்தில், கையொப்பமும் முத்திரையும் பெற்ற மனு அதே தட்டில் திரும்பி வந்தது. இப்படியோர் ஏற்பாட்டை இளங்கோ வேறெங்கும் கண்டதில்லை. பின்னறையில் ஓர் எழுத்தர் இருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டான்.

மனு நிறைவேறியது. அவனுக்குத்தான் அழுகை வந்தது.

சென்னைத் தொலைக்காட்சி ஒன்றுக்காக அவன் எழுதும் முதல் நகைச்சுவைத் தொடர் அது. மலையில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கம், வருகிறவர்களையெல்லாம் காக்க வைத்தே களைத்துப்போகச் செய்யும் ஒரு செயலாளர், அவரே நாயகன். எழுதியதைப் படித்துவிட்டு இயக்குநர் ராதிகா பெருமூச்சு விட்டார்.

"இளங்கோ, உன் செயலாளர் பாடப்புத்தகம் மாதிரி பேசறாரு. கொல்லிமலைக்குப் போய் நிஜமான ஒருத்தரைப் பார்த்துட்டு வா. நடிப்பு வந்தா அவரையே போட்டுக்கலாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா, கதையை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுவேன்."

இன்று சனிக்கிழமை.

வியாழனன்று மலையேறிய பேருந்தில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டே, நடத்துநரிடம் விசாரித்திருந்தான். அவர் யோசிக்கவே இல்லை.

"ஆளக் காக்க வைக்கிறதுன்னா நம்ம சங்கத்துச் செக்ரட்டரிதானுங்க. வெதைக்கிறப்ப மனுக் குடுத்தா அறுக்கறப்ப பதில் வரும்."

இளங்கோ மகிழ்ச்சியோடு சங்கத்தின் வாசலில் போய் நின்று, குறிப்பேட்டை விரித்தான்.

"வணக்கம். சென்னையிலிருந்து வருகிறேன். தங்கள் அலுவலக நடைமுறைகளைச் சில நாள் உடனிருந்து குறிப்பெடுக்க விரும்புகிறேன். தாங்கள் வழக்கம்போல் இருந்தாலே போதுமானது."

உள்ளே நாற்காலிகள் இழுபட்டன. ஏதோ உருண்டது. ஐந்து நிமிடம் கழித்து அழைக்கப்பட்டு உள்ளே போனபோது, 'சு. சுந்தரராஜன், செயலாளர்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால், வேட்டி கட்டிய ஒருவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். தொலைக்காட்சித் தொடருக்காகவே வந்திருப்பதாக இளங்கோ விளக்கியதும், தேநீர்க்காரர், "நிஜமாவே டிவிதானா சார், தணிக்கை இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஒரு தம்ளரை நீட்டினார். அதில் சர்க்கரை இல்லை. மறுநாள் கொடுத்ததில் தேயிலையும் இல்லை.

அந்த வியாழனன்றே செயலாளர் முதலாவதாகத் தீர்த்து வைத்தது, மிளகு காயவைக்கத் தார்பாய் கேட்டு இரண்டு ஆண்டாகக் கிடந்த ஒரு மனுவை. அந்தப் புதுத் தார்பாய் ஏனோ இன்னும் அவரது நாற்காலிக்குப் பின்னால்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வெள்ளியன்று இளங்கோ ஒரு வழி கண்டுபிடித்தான்.

"ஐயா, ஒரே ஒருவரையாவது காக்க வைத்துக் காட்ட இயலுமா?"

செயலாளரின் முகம் மலர்ந்தது. "காக்க வைக்கிறதா? அது எனக்கு அத்துப்படியாச்சேங்க. முன்னயே சொல்லியிருக்கலாமில்ல."

மருந்தடிக்கும் இயந்திரம் கேட்டுச் சின்னராசு என்றொரு விவசாயி வந்தார். செயலாளர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியில் கிடந்த கண்ணாடியை மேசையெங்கும் தேடினார். முத்திரையை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, மை காய்ந்துவிட்டது என்றார்.

"அப்ப எப்ப வரட்டுங்க, செக்ரட்டரி அய்யா?" என்று கேட்டார் சின்னராசு, வாயைப் பொத்திக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை வாங்க."

"ஞாயித்துக்கிழமை லீவுங்களே."

"அதனாலதானுங்க வரச் சொல்றேன். கூட்டம் இருக்காது."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அச்சு அசலுங்க" என்றார். தேநீர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இளங்கோ அலைபேசியில் எடுத்த படத்தில் சிரிப்பொலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"ஆச்சுங்களா?" என்ற செயலாளர், அடுத்த நொடியே சின்னராசுவின் மனுவைத் தட்டில் வைத்தார்.

செய்தி பரவியது. சனிக்கிழமை காலையில் குறைந்தது அறுபது பேர் வந்திருந்தனர். தூங்கி வழியும் அலுவலகம் தேவைப்பட்ட இளங்கோ, கூட்டத்தைக் குறைக்கும் பொருட்டு, 'இங்கு படப்பிடிப்பு நடைபெறுகிறது' என்று எழுதிக் கதவில் ஒட்டினான். மலையின் இன்னொரு பகுதியான அரியூர் நாட்டிலிருந்து மூன்று ஜீப் வந்தது. வந்தது வந்தோம் என்று எல்லோரும் மனுவும் கொண்டு வந்திருந்தார்கள். அமைதி காக்கும்படி அவன் மிகவும் பணிந்து வேண்ட, அவர்களாகவே வரிசை கட்டினார்கள். நண்பகலுக்குள் சங்கத்தில் ஒரு மனுவும் பாக்கியில்லை. தேநீர்க்காரர் பின்னறைக்கு நடந்து நடந்து, தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

இளங்கோ கைகூப்பினான். "ஐயா, நேற்றுச் செய்ததை ஒரே ஒருமுறை. தயவுசெய்து யாரும் சிரிக்க வேண்டாம்."

வந்திருந்த அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் வாயில் அடைத்துக்கொண்டார்கள். செயலாளர் நடித்தார். இளங்கோ படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஓடி, ராதிகாவுக்கு அனுப்பினான். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"இளங்கோ, இவரேதான்! எங்கேயிருந்துய்யா பிடிச்சே? சேனல்லயும் ஒத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. சங்கத்து ஊழியர் நடிக்கணும்னா மேலதிகாரி அனுமதிக் கடிதம் வேணுமாம். வெளியாளா இருந்தா ஒண்ணும் தேவையில்லை. சாயங்காலத்துக்குள்ள வாங்கிடு. கடிதம் இல்லைன்னா இவர் இல்லை. இவர் இல்லைன்னா கதையும் உனக்கு இல்லை."

அவன் திரும்பி வந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், தேநீர்க்காரரின் தட்டு தம்ளர்களோடு கீழே விழுந்தது.

"மேலதிகாரிக்கா? எழுதவே வேண்டாம் சார்!"

"ஏனுங்க, அனுமதி கேட்டு மனுப் போட்டா எத்தன நாளாகும்?" என்று செயலாளர் அவரைக் கேட்டார்.

"ஆறு மாசம்" என்றார் தேநீர்க்காரர், யோசிக்காமலே.

இளங்கோ குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தான். கிடைக்காமலே போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது. இப்படியொரு நாயகனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மலையிறங்க வேண்டியிருக்கிறது. கூடியிருந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வாசலில் ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னங்க பாப்பாயக்கா?" என்றார் சின்னராசு.

"மானம் கறுத்துக்கிட்டு வருது, மொளகு பூரா களத்துல கெடக்குது. இங்க என்ன எழவு ஊடு மாதிரி எல்லாரும் உக்காந்துக்கிட்டு?" என்றபடி பாப்பாயி நேராக நாற்காலிக்குப் பின்னால் சென்று, தார்பாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இளங்கோ பதறி எழுந்தான். அந்த நிலையிலும் அவனுக்கு மரியாதை மறக்கவில்லை.

"அம்மா, பொறுத்தருள வேண்டும். அது சங்கத்தின் பொருள். செயலாளரின் அனுமதி வேண்டும். அவரோ, தாம் நடிப்பதற்கே அனுமதி கிடைக்காத வருத்தத்தில் இருக்கிறார்."

பாப்பாயி நாற்காலியில் இருந்தவரை ஒருமுறை பார்த்தார். தரையில் தம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தவரை ஒருமுறை பார்த்தார்.

"அவரு நடிக்கிறதுக்கு அனுமதி நானே தாரேனுங்க தம்பி. நாற்காலியில உக்காந்திருக்கறது எங்க ஊட்டுக்காரரு செல்லமுத்துதானுங்களே. தார்பாய்க்கு அனுமதி வேணும்னா, மூணு நாளா உங்களுக்கு டீ ஊத்துறாரே, அந்தச் செக்ரட்டரியைக் கேளுங்க."