காவல் கோபுரம் ஏறிய விவரம்

அன்பும் மதிப்பும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மனைவியின் அக்காவும் ஆளுக்கு இரண்டு கால்களோடு சௌக்கியம். கால்களைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டாததும், டாக்டர் நடக்கச் சொன்னபோதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் போனில் நீங்கள், "அவங்களுக்கு இனிமே சக்கர நாற்காலிதான் சகலை, மனசைத் தேத்திக்குங்க" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள்! "ஆத்தோரம் பழைய கோட்டைப் பூங்கா இருக்கே, கிளம்புங்க. மேல காவல் கோபுரம் வரைக்கும் ஏறணும்."

போனோம். கரையில் வாத்துக் கூட்டம். அதில் ஒன்று, உருவத்தில் வாத்து, குணத்தில் என் பழைய மேலதிகாரி, என்னை மட்டும் தேர்ந்தெடுத்துத் துரத்த, நான் செங்குத்தான பாதையில் ஓட, சேற்றில் வழுக்கி விழ, எழுந்து பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. "திரும்பிடலாம்மா" என்றேன். அவள் பாறையில் உட்கார்ந்தாள். முட்டியில் சுற்றியிருந்த பட்டித்துணியை அவிழ்த்து என் ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "உன் முட்டிக்கு?" என்றேன் சகலை. "என்ன முழிக்கிறீங்க? நடங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். வழியில் ஒரு இளம் ஜோடி, "தாத்தாவுக்குக் கை கொடுக்கட்டுமா பாட்டி?" என்று கேட்டது. "வேணாம், மெதுவா வருவாரு" என்கிறாள்!

உச்சியில் அந்தக் கோபுரத்தின் சுவரில் கை வைத்தேன். எத்தனை வீரர்கள் நின்ற இடம்! உடம்பு சிலிர்த்தது. அவள் கீழே வளைந்து ஓடும் ஆற்றைப் பார்த்து, "நான் வந்துட்டேன்!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். இந்தத் தடவை சுவரைப் பிடிக்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உங்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற சகலை

பி.கு.: பூங்கா காவலாளியை இன்று கடைத்தெருவில் பார்த்தேன். காவல் கோபுரம் கீழே, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கிறதாம். நாங்கள் ஏறிப் பார்த்தது கழிப்பறைகளுக்குப் போன வருஷம் கட்டிய தண்ணீர்த் தொட்டி. தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். "தொட்டியா இருந்தா என்ன? ஏறினது என் காலுதானே!" என்கிறாள். நாளைக்கு மறுபடியும் போகிறோம்.