ஒலக்கூர் பீரோவும் தொழில்நுட்பத் தலைவரும்

வாசகர்களே, கரையானுக்கும் மழை ஒழுகலுக்கும் தப்பிய புத்தகங்கள்கூடத் தப்ப முடியாத ஓர் இனம் நம் மாவட்டத்தில் நடமாடுகிறது. நூலகங்களுக்குத் தொழில்நுட்பம் கொண்டுவரும் சங்கத்தின் தலைவர் என்று அதற்குப் பெயர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எந்தக் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாளில் பந்தி நடக்கிறதோ, அங்கே மேடையின் நடு நாற்காலியில் பார்க்கலாம்.

நான் அறிந்தவர் விழுப்புரம் வல்லரசு. கழுத்தில் அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று கேள்வி. நூலகத்துக்குள் நுழைந்தால், அலமாரியைப் பார்க்குமுன் பிளக் பாயிண்ட் எங்கே என்று பார்ப்பார், சுவரைத் தட்டுவார், "ஸ்பீடு பத்தாது" என்பார், பத்து நிமிடத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்து, அதற்கு முழுநீளப் பெயரும் சூட்டிவிட்டு, காபி குடித்துக் கிளம்புவார். புத்தகத்தைக் கையால் தொடுவாரா? தொடுவார். கேமரா இருந்தால்.

ஒலக்கூரில் ஊர்க்காரர்கள் நடத்தும் சின்னப் படிப்பகத்துக்கு அவர் வந்தது அப்படித்தான். அதைப் பார்த்துக்கொள்பவர் பிரான்சிஸ். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் முழுவதையும் ஸ்கேன் செய்து போனிலேயே படிக்க வைக்கப்போவதாக வல்லரசு அறிவித்தார். அதுவரை அவை பத்திரமாக இருக்க, சங்கத்தின் சார்பில் ஓர் இரும்பு பீரோ வந்தது. புத்தகங்கள் உள்ளே போயின. சாவி விழுப்புரம் போனது. ஸ்கேன் இயந்திரம்? அது வரவில்லை. மழைக்காலம் வந்தது, பொங்கல் வந்தது, இயந்திரம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் புத்தகங்களை நம்பி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் கலைப்பிரியா. பகலில் மல்லாட்டைக் காட்டில் நிலக்கடலை பிடுங்கும் வேலை, மாலையில் படிப்பகம். முந்தைய தேர்வில் மயிரிழையில் தவறியவள். வயது வரம்பு நெருங்குவதால் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வல்லரசுக்குப் போன் போட்டாள். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றார். மறுபடி போட்டாள். மறுபடியும் மீட்டிங். சரி, மீட்டிங்குக்கே போய்விடுவது என்று பிரான்சிஸை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் 'எல்லோருக்கும் எட்டும் அறிவு' என்ற தலைப்பில் வல்லரசு பேசிக்கொண்டிருந்தார். வாசலில் பிரான்சிஸோடு அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒலக்கூர் பயனாளியே வந்துக்கினு இருக்காங்க! மேடைக்கு வாம்மா, ஜல்தி!"

மைக் அவள் கைக்கு வந்தது.

"சார், அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை. பீரோ சாவியக் குடுங்க."

மண்டபம் அடங்கியது. வல்லரசு அடங்குவாரா? மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, ஒலக்கூர்ல இருந்து பஸ் ஏறி வந்து புக்கு கேக்குது இந்தப் பொண்ணு! இந்தத் தாகத்த உண்டாக்கினது யாரு? நம்ம சங்கம்!"

கைதட்டல். சால்வை. போட்டோ.

"சாவி, சார்?"

"செயற்குழுல தீர்மானம் போட்டுக் குடுத்துடறோம்மா. சாப்ட்டுப் போங்க."

அவள் சாப்பிடவில்லை. திரும்பும் பஸ்ஸில் அந்தச் சால்வையைக் கசக்கிக்கொண்டே வந்தாள். அழுதால் இவர்களுக்கு அதுவும் ஒரு போட்டோ என்று தோன்றியதால் அழவில்லை. படிப்பகத்துக்கு வந்ததும் பீரோ முன்னால் நின்றாள்.

"ஒடச்சுடலாம்ணா."

"வேணாம்மா. சங்கத்து பீரோ. பேஜாராப் பூடும்."

"பீரோதாண்ணா அவுங்களுது. புக்கு நம்மளுது."

பிரான்சிஸ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கி வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, தானே நெம்பினார். பூட்டு தெறித்தது. அன்று இருட்டும்வரை கலைப்பிரியா நாற்காலியை விட்டு எழவில்லை.

தேர்வு எழுதினாள். தேறினாள். இன்று மயிலம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

சங்கத்தின் ஆண்டு மலர் வந்தது. அட்டையில் சால்வையோடு கலைப்பிரியா. கீழே, 'நமது தொழில்நுட்பத்தால் அரசுப் பணி!' அதே தபாலில், பூட்டை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு பிரான்சிஸுக்கு ஒரு நோட்டீஸ்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக நூலகத்துக்குப் போனபோது புத்தகம் எடுத்தீர்களா, படம் எடுத்தீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அடுத்த தலைவர் பதவிக்குச் சங்கத்தில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.